அம்மாவுக்குப் பட்டு எடுத்த கதை: உங்கள் வீட்டில் எப்படி?

அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு அம்மாவுக்குப் புடவை எடுக்க தி.நகர் போயிருந்தோம். அம்மாவுக்கு 74 வயது. உட்கார்ந்த உடனே கடைப் பையன் "பெரியவங்களுக்கா?" என்று கேட்டான். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் சந்தனம், வெங்காயத்தோல், இளஞ்சாம்பல் என்று எட்டுப் புடவையை விரித்துவிட்டான். எல்லாம் நல்ல பட்டுதான், விலையிலும் குறைச்சல் இல்லை. அம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, சாயம் போட மறந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அவர் கண் போனது பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த புடவைமேல். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. அண்ணிதான் மெதுவாக, "அத்தை, அது சின்னப் பொண்ணுங்க கட்டறது" என்றார். அண்ணியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். சரி, கடைசியில் சந்தன நிறம்தான் வீட்டுக்கு வந்தது.

விசேஷத்தன்று வந்தவர்களில் நாலு பேராவது என்னைத் தனியாக அழைத்து, "அம்மாவுக்கு உடம்பு முடியலையா?" என்று கேட்டிருப்பார்கள். போட்டோவைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அம்மா மாநிறம், தலை முழுக்க நரை. புடவை, முகம், முடி மூன்றும் ஒன்றோடொன்று கலந்து வெளிறிக் கிடந்தன. மாலை மட்டும்தான் பளிச்சென்று தெரிந்தது. தலை கறுப்பாக இருந்தவரை எந்த நிறம் கட்டினாலும் முடியே முகத்தை எடுத்துக் காட்டிவிடும். நரைத்த பிறகு அந்த வேலையைப் புடவைதான் செய்ய வேண்டும் போலிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்து நாலு நாள் ஆனதும் பீரோவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். "இது நீலமா? கறுப்புன்னுல்ல நெனச்சேன்!" வருஷக்கணக்காகக் கருநீலப் புடவைக்குக் கறுப்பு ரவிக்கை போட்டிருக்கிறார். டாக்டரிடம் கேட்டபோது விளக்கினார். வயதாக ஆகக் கண்ணில் உள்ள லென்ஸ் மஞ்சளாகிவிடும், மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. நீலமும் ஊதாவும் மங்கிவிடும், கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. புது லென்ஸ் வைத்ததும் நீலமெல்லாம் திரும்பி வந்துவிடும்.

அப்புறம் அந்தச் சந்தனப் புடவையை எடுத்தார். "கொஞ்சமாவது மஞ்சளா இருக்குன்னு நெனச்சேனே. இதையா எனக்கு எடுத்தீங்க?" எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்து கண்ணாடியைப் பார்த்தார், கழுத்தில் திட்டுத் திட்டாகப் பவுடர். "இவ்வளவா அப்பிக்கிட்டு இருந்தேன்? யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

போன மாதம் தானே கடைக்குப் போய் எம்.எஸ். ப்ளூவில் ஒன்று எடுத்து வந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே வழங்கும் காஞ்சிப்பட்டு நீலம். எம்.எஸ். 1966இல் ஐ.நா. சபையில் பாடியபோது அவருக்கே வயது ஐம்பது. அவரிடம் யாரும் வெளிர் நிறம் கட்டச் சொல்லவில்லை பாருங்கள்! புடவையைக் கடை டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல், வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் வெயிலில் விரித்துப் பார்த்தாராம். கடைக்காரர் முகம் சுளித்தாராம். சுளிக்கட்டும்.

உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்.

* * *

நானே அந்தப் "பெரியவங்க"தான். 63 வயது, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். புடவை விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. மேக்கப்பில்தான் ஏமாந்தேன்.

மகள் வரவேற்புக்கு வந்த பியூட்டிஷியன் பெண், "ஆன்ட்டி, ஃபங்ஷன்ல கொஞ்சம் பிரைட்டா தெரியணும்" என்று என் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான ஃபவுண்டேஷனைப் பூசி, மேலே பவுடரை அடித்துவிட்டாள். போட்டோவில் முகம் சாம்பல் பூசணி, கழுத்து மட்டும் என்னுடையது. ஒரு மணி நேரத்தில் பவுடர் கண்ணுக்குக் கீழே சுருக்கங்களில் போய் உட்கார்ந்து, இல்லாத கோடுகளையும் வரைந்துவிட்டது. மேட் லிப்ஸ்டிக் வேறு. உதடு வறண்டு, வெடித்த வயல் மாதிரி ஆகிவிட்டது.

இப்போது நானே போட்டுக்கொள்கிறேன். முதலில் ஈரப்பசைக்கு க்ரீம், பத்து நிமிஷம் பொறுமை. ஃபவுண்டேஷன் வாங்கும்போது கையில் தடவிப் பார்ப்பதில்லை, தாடை ஓரத்தில் தடவிக்கொண்டு வெளியே வந்து பார்ப்பேன். கண்ணுக்குக் கீழே பவுடர் கிடையாது. மை மேல் இமையில் மட்டும், கீழே போட்டால் அரை மணியில் வழிந்து கருவளையமாகிவிடுகிறது. வெளிர் ரோஸ் லிப்ஸ்டிக் எனக்குக் காய்ச்சல்காரி முகத்தைக் கொடுக்கும், செங்கல் நிறம் பொருந்துகிறது. உங்கள் அம்மா ஆசைப்பட்ட அரக்குப் புடவைக்கும் அதுதான் எடுக்கும், சொல்லிப் பாருங்கள்.

* * *

நிறத்தோடு இன்னொன்றும் சொல்கிறேன். என் அத்தைக்கு நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாகத் தோல் வெளுத்துவிட்டது. வெண்குஷ்டமோ என்று வீடே பயந்தது. தோல் டாக்டர் பார்த்த உடனே கேட்டது, "ஸ்டிக்கர் பொட்டா?" அந்தப் பசையில் சேர்க்கும் ஒரு ரசாயனம் சிலருக்குத் தோல் நிறத்தையே அழித்துவிடுமாம். ஸ்டிக்கரை நிறுத்திய பிறகு ஓரளவு நிறம் திரும்பியது. தலைச்சாயம் போடுகிறவர்களும் ஜாக்கிரதை. அதில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் எனக்கே காது, நெற்றி எல்லாம் வீங்கியது. அன்றைக்குச் சாயத்தை விட்டவள்தான். நரையோடு வாடாமல்லி நிறம் கட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா?

* * *

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். "வயசானா வெளிர் நிறம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியாது. சின்ன வயதில் நான் பார்த்த ஆச்சிகள் எல்லாரும் கண்டாங்கிதான் கட்டுவார்கள். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று கட்டம் போட்டு, தெருமுனையில் வரும்போதே யார் வருகிறார்கள் என்று தெரியும். 2019இல் அந்தப் புடவைக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் சாம்பலும் வெள்ளையுமாகத்தான். சொந்தக்காரர்கள் கொடுத்தது, மறுக்கவும் முடியாது. ஒரு வருஷம் பேசாமல் கட்டினார். வருஷத் திதி முடிந்த மறுநாள் காலையில், "மேல் தட்டுல அந்தக் கடுகு மஞ்சக் கண்டாங்கி இருக்கும், எடு" என்றார். கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தார். எதிர்வீட்டு அக்கா, "என்ன ஆச்சி, விசேஷமா?" என்று கேட்டதற்கு, "கத்திரிக்காய் வாங்கப் போனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

* * *

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பவுடர் டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். காரைக்குடி அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: அந்தக் கடுகு மஞ்சளில் கரை என்ன நிறம், அரக்கா கறுப்பா?