கூட்டமாகச் சேர்ந்து கொலை செய்கிறவர்கள் பிறவிக் கொடூரர்களா?

மேலூர் கதிர்:
எனக்கு மேலூர்ப் பக்கம். 1997 ஜூன் 30-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் சிலரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கிய பதவியில் அவர் நின்று ஜெயித்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வீட்டில் இந்தப் பேச்சு வந்தாலே பெரியவர்கள் "அவனுங்க மனுசனுங்களே இல்லை" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் மனசாட்சி செத்துப்போகுமா?

வைகைக்கரை:
சாகவில்லை தம்பி, அது வேறு பக்கம் நின்று வேலை செய்தது, பயமே அங்குதான். வெறி பிடித்தவன் எதிரில் வருகிறவனை அடிப்பான், இன்னார் இந்த பஸ்ஸில் வருகிறார் என்று தெரிந்து காத்திருக்க மாட்டான். இப்படிக் காத்திருக்கிறவன் மனதில் "நமக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், நம் மானம் போய்விட்டது, தண்டிப்பது நம் கடமை" என்று ஒரு நியாயம் ஓடிக்கொண்டிருக்கும். 1968-ல் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்களே, அதற்குப் பின்னாலும் கூலிக்காரர்கள் தலைதூக்கிவிட்டார்கள், அடக்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது.

கீழமாசி வீதி:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லாருக்கும் அந்த வெறுப்பு இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபுஃப் என்ற ஊரில் ஜெர்மன் போலீஸ் படை 101 சுமார் 1500 யூதர்களைச் சுட்டது. படையில் ஏறக்குறைய 500 பேர், பெரும்பாலும் ஹாம்பர்க் நகரத்து நடுத்தர வயதுக்காரர்கள், குடும்பஸ்தர்கள். வயதில் மூத்தவர்களில் முடியாது என்கிறவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று தளபதியே சொன்னார். உடனே முன்னால் வந்தது பத்துப் பன்னிரண்டு பேர்தான். மற்றவர்களில் பலரைப் பிடித்து வைத்தது, கூட இருக்கிறவன் கோழை என்று நினைப்பானே, அழுக்கு வேலையை அவன் தலையில் கட்டிவிட்டுப் போவதா என்ற கூச்சம். விலகியவர்களை யாரும் சுடவும் இல்லை, ஜெயிலில் போடவும் இல்லை. அதனால் "சூழ்நிலை அப்படி" என்று யாராவது சொன்னால் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

உசிலை மணி:
கதிர், அந்தப் "பிறவி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் எங்கள் தாத்தாக்களைப் பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதி வைத்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்ததற்கு 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டு 16 பேர் செத்தார்கள். ஒரு கூட்டத்துக்கே அப்படிப் பெயர் வைத்துவிட்டால் சுடுகிறவனுக்குக் கை நடுங்காது. 1994-ல் ருவாண்டாவில் ரேடியோ துட்ஸி என்ற சிறுபான்மை இனத்தாரைக் கரப்பான்பூச்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தது, சுமார் 100 நாளில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள், பல இடங்களில் கத்தியோடு வந்தவன் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரன். இன்னொன்றும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். பெருங்காமநல்லூரைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளை வளர்க்கும் வீடுகளிலேயே இன்னொரு சாதியை இளக்காரமாகப் பேசுவதும் நடக்கிறது. நாம் அடி வாங்கியவர்கள் என்பதாலேயே அடுத்தவனை அடிக்க மாட்டோம் என்று ஆகிவிடாது.

மேலூர் கதிர்:
சரி அண்ணே. எங்கள் ஊர்ப் பையன்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தன் அரிவாள் படம் போட்டு "எங்கள் இனம்டா" என்று எழுதுகிறான், நாற்பது பேர் ஹார்ட் போடுகிறார்கள். அங்கே என்ன செய்வது?

கீழமாசி வீதி:
1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிராம் என்ற உளவியலாளர் செய்த சோதனை உனக்கு உதவும். பக்கத்து அறையில் இருப்பவருக்கு ஷாக் கொடு என்று சொன்னபோது (ஷாக் உண்மையில் கிடையாது, கொடுத்தவருக்கு அது தெரியாது) 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அதே சோதனையை, கூட உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் நடுவில் "நான் மாட்டேன்" என்று எழுந்துவிடுகிற மாதிரி மாற்றினார்கள். அப்போது கடைசி வரை போனது 40-ல் 4 பேர். அந்த நாற்பது ஹார்ட்டில் எத்தனை பேர் மனதார போட்டது, எத்தனை பேர் போடாவிட்டால் ஏதாவது நினைப்பார்களோ என்று போட்டது என்று உனக்குத் தெரியாது. அடுத்த தடவை அவன் போட்டால் "இது வேண்டாம்டா" என்று ஒரு வரி எழுது. அதற்குக் கீழேயே எழுத இன்னொருத்தனை இப்போதே பேசி வைத்துக்கொள், தனியாக எழுதாதே.