ஊர்காவற்றுறை: யானை ஏற்றிய துறை, கடற்கோட்டை – சில கேள்விகள்

தீவகன்:
யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்காவற்றுறைத் துறைமுகம் பற்றி ஒரு கட்டுரைக்குத் தகவல் சேர்க்கிறேன். போர்த்துக்கேயர்தான் துறையைத் தொடக்கினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அதற்கு முந்திய எழுத்துச் சான்று உண்டா? கோட்டையை ஏன் நடுக்கடலில் கட்டினார்கள்? பிறகு துறை ஏன் படுத்தது?

கல்லெழுத்து:
சான்று உண்டு, அதுவும் தமிழிலேயே. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் கல்வெட்டைப் பாருங்கோ. பொலநறுவை அரசன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) கட்டளை அது. அதில் உங்கட துறைக்குப் பெயர் ஊராத்துறை. பரதேசி வணிகர், அதாவது பிறநாட்டு வணிகர், வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறது. பிறகுதான் முக்கியமான சட்டம்: ஆனை, குதிரை கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு (அரச கருவூலத்துக்கு), மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வாணிய மரக்கலம் என்றால் சரிபாதி. படைக்கு ஆனையும் குதிரையும் வேண்டிய அரசன் அந்த வியாபாரிக்கு மட்டும் இளகியிருக்கிறான் என்றே நான் வாசிப்பேன்.

இரண்டு பிழை அடிக்கடி வருகுது. இதைச் சுங்கவரி என்று எழுதுகிறார்கள். இது உடைந்த கப்பலுக்கான பங்கு மட்டும். யானை ஏற்றுமதிக்கும் இதையே காட்டுகிறார்கள். கல்வெட்டு பேசுவது 'கொண்டுவந்த' கப்பலைப் பற்றி. ஏற்றுமதிக்கு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பதிவுகளுக்குத்தான் போக வேண்டும்.

சோளகம்:
ஒல்லாந்தர் காலத்து ஏற்றுமதிக் கதை இது. வன்னிப் பகுதித் தலைவர்களான வன்னியர்கள் திறையாகக் கொடுத்த யானைகள் ஆனையிறவால் குடாநாட்டுக்கு வரும். வாங்க வருபவர்கள் கோல்கொண்டா, வங்காளப் பக்க வணிகர்கள். விலை யானையின் உயரத்தைப் பொறுத்தது. ஊனம் இருந்தால் குறையும். யாழ்ப்பாணத்துக் களப்பு பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. வேலணைத் தீவுக்கும் காரைதீவுக்கும் இடைப்பட்ட வாய்க்கால்தான் வாசல், அதனால் ஏற்றுவது ஊர்காவற்றுறையில். சோளகக் காற்றில் (தென்மேற்குக் காற்றில்) வடக்கே பாய் விரிக்கலாம். வாடை தொடங்கினால் எதிர்க்காற்று.

அந்த வாசலை மறிக்கத்தான் நடு வாய்க்காலில் கடற்கோட்டை. இடம் நல்ல இடம், குடிதண்ணீர்தான் குறை. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையில் தண்ணீர்த்தொட்டி குண்டடிபட்டு உடைந்ததும் உள்ளே இருந்த போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். கோட்டையைப் பிடித்தவர்கள் வேலணைத் தீவுக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்று பெயர் போட்டார்கள். இரண்டும் நிலைக்கவில்லை, நெடுந்தீவின் 'டெல்வ்ற்' மட்டும் தங்கிவிட்டது.

தீவகன்:
நன்றி. துறை படுத்ததற்கு நீராவிக்கப்பல்தான் காரணமா?

கல்லெழுத்து:
பாதிக்காரணம். மறுபாதி ரயில். 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை பாதை முழுமையானதும் சரக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. தீவுக்குத் தண்டவாளம் வரவே இல்லை.

படம் எடுக்கப் போவதென்றால் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறுங்கோ. கோட்டை கண்ணுக்குத் தெரியும். உள்ளே போவதற்குக் கடற்படையிடம் கேட்க வேண்டும்.