சனி, ஞாயிறு ஜார்ஜ் டவுனில் நடந்தே சுற்ற வேண்டும், அம்மா கூட வருகிறார். வழி சொல்லுங்கள்

செந்தூல்_மகன்:
வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவையும் 12 வயது மகனையும் கூட்டிக்கொண்டு பினாங்கு வருகிறேன். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து ஃபெரி. ஞாயிறு சாயங்காலம் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு 68 வயது. தினமும் பூசைக்கு நடந்தே போய் வருகிறவர்தான், ஆனால் முட்டி வலி, உச்சி வெயில் ஆகாது. சின்ன வயதில் தாத்தா அவரைப் பினாங்கில் கடலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய மாதா கோவிலுக்குக் கூட்டிப் போனாராம். "அது பேராலயம்டா, ஆயர் இருந்த கோவில்" என்கிறார், பேர் ஞாபகம் இல்லை. இணையத்தில் தேடினால் பினாங்கு பேராலயம் என்று கிரீன் லேன் பக்கம் ஒரு புதுக் கட்டடத்தைக் காட்டுகிறது. அம்மா படத்தைப் பார்த்துவிட்டு இது இல்லை என்று ஒரே பிடியாக நிற்கிறார். அவர் சொல்வது எந்தக் கோவில்? ஜார்ஜ் டவுனை நடந்தே பார்க்க ஒன்றரை நாள் போதுமா?

பழையஜெட்டி:
தம்பி, அம்மா சொல்வதுதான் சரி. அவர் போனது ஃபார்க்குவார் ஸ்ட்ரீட்டில் இருக்கிற விண்ணேற்பு மாதா ஆலயம். 1955-இல் பினாங்கு மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் பகுதி) உருவானபோது அதுதான் பேராலயம். 2003-இல்தான் அந்தப் பொறுப்பு கிரீன் லேனில் இருக்கும் தூய ஆவியார் ஆலயத்துக்குப் போனது, அதனால்தான் உங்களுக்கு அந்தப் படம் வந்திருக்கிறது. அது நகருக்கு வெளியே, நடந்து போகிற தூரமில்லை. 1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவுக்கு வந்தபோது கெடாவிலிருந்து வந்த யூரேசிய (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வம்ச) கத்தோலிக்கர்கள் தொடங்கிய பங்கு, அதாவது கோவில் சபை, இது. வந்து சேர்ந்தது மாதா விண்ணேற்புத் திருநாளை ஒட்டி, அதனால்தான் அந்தப் பேர். இப்போது நிற்கிற கட்டடம் 1860-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

அங்கிருந்து இரண்டே நிமிடம் நடந்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அது ஆங்கிலிக்கன், உங்கள் கோவில் இல்லை, இருந்தாலும் அம்மாவை அவசியம் கூட்டிப் போங்கள். 1818-இல் கட்டி முடித்தார்கள். கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். மாதிரியாக எடுத்துக்கொண்டதும் மெட்ராஸில் அப்போதுதான் கட்டியிருந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைத்தான். முதலில் கூரையும் மெட்ராஸ் பாணியில் தட்டையாகத்தான் போட்டார்கள். நம் ஊர் மழைக்கு அது சரிப்படவில்லை, 1864-இல் சரிவான கூரையாக மாற்றினார்கள். நான் ஒவ்வொரு முறை அந்தத் தூண்களுக்குக் கீழே நிற்கும்போதும் கை விலங்கோடு கப்பலில் வந்தவர்களைத்தான் நினைப்பேன். வாசலில் லைட்டுக்கு 1886-இல் எழுப்பிய நினைவு மண்டபம் இருக்கிறது, கைதிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள்.

கடைத்தெருப்_பெண்:
ஜெட்டி அண்ணன் சொன்னதிலிருந்தே நான் தொடர்கிறேன். செயின்ட் ஜார்ஜிலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வரை பத்து நிமிட நடைதான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு காலைப் பொழுதையே ஒதுக்குங்கள். வழியில் சீனர்களின் குவான் யின் கோவில், ஊதுபத்திப் புகை கண்ணை எரிக்கும். அடுத்த தெருவான குயின் ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பினால் 1833-இல் எழுந்த நம் ஸ்ரீ மகாமாரியம்மன் கோவில், 2017 முதல் தைப்பூசத் தங்க ரதம் புறப்படுவது இங்கிருந்துதான். செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருக்கும் கோவில் வீட்டிலிருந்து புறப்படும், அதையும் வெளியே நின்று பார்க்கலாம். கடைசியில் 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசல், அதற்குப் பக்கத்திலேயே நாகூர் தர்கா. நாகூருக்குப் போன பாட்டிமார்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே அந்தப் பேரைப் பார்த்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும்.

காலை ஏழரைக்கே தெருவில் இறங்கிவிடுங்கள். பத்தரைக்கு மேல் அம்மாவை வெயிலில் நடத்தாதீர்கள். கடைகளின் அஞ்சடியில், அதாவது முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதையில், நிழல் இருக்கும்தான், ஆனால் கடைக்குக் கடை உயரம் மாறும், திடீர்திடீர் என்று படி வரும், சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் சாமானும் வழியை அடைத்து நிற்கும். முட்டி வலிக்கு அதுதான் பெரிய தொந்தரவு. போன வருடம் என் மாமியார் அப்படி ஒரு படியில் தடுக்கி விழுந்து கையில் கட்டு போட வேண்டியதாகிவிட்டது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

புக்கிட்_அக்கா:
ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சுவரோவியங்களைப் பையன் கேட்பான், சைக்கிள் ஓவியத்தின் முன்னால் படம் பிடிக்க வரிசை நிற்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் தம்பி, அதற்காக ஒரு காலைப் பொழுதைக் கொடுக்காதீர்கள்.

என் யோசனை: சனிக்கிழமை ஃபெரியை விட்டு இறங்கியதும் அறையில் பெட்டியை வைத்துவிட்டு அம்மாவைத் தூங்க விடுங்கள். கோலாலம்பூரிலிருந்து ரயிலிலேயே நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்திருப்பார். ஐந்து மணிக்கு மேல் சியூ ஜெட்டிக்குப் போங்கள், ஃபெரித்துறையிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பலகைப் பாதையின் கடைசி வரை நடந்தால் கடல் காற்று முகத்தில் அடிக்கும். கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன, வாசலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஞாயிறு காலையை அப்படியே கோவிலுக்கு விட்டுவிடுங்கள். தமிழில் பூசை வேண்டுமென்றால் பினாங்கு ரோட்டில் இருக்கிற புனித சவேரியார் ஆலயம், தமிழ்க் கத்தோலிக்கர்களின் பங்கு அது. நேரத்தைப் போன் போட்டு ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பூசை முடிந்து அதே ரோட்டில் கெங் குவீ சந்தில் ஒரு செண்டோல் (தேங்காய்ப்பால் போட்ட ஐஸ் இனிப்பு), அப்புறம் மதியத்துக்கு நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்).

கோட்டை, மணிக்கூண்டு, நகர மண்டபம் எல்லாம் நேரம் இருந்தால் மட்டும். ஓடி ஓடிப் பார்த்தால் அம்மாவுக்குக் கால் வலிதான் மிச்சம்.

செந்தூல்_மகன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபார்க்குவார் ஸ்ட்ரீட் கோவில் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் அந்த இரண்டு கோபுரங்களையும் விரலால் தொட்டு, "இதுக்கு எதிர்லதான் தாத்தா எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தார்" என்றார். கோட்டையையும் மணிக்கூண்டையும் விட்டுவிட்டேன். சனி சாயங்காலம் ஜெட்டி, ஞாயிறு விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கோவில், அங்கிருந்து சவேரியார் ஆலயத்தில் பூசை. தெரு நடையை அக்கா சொன்னபடி ஒரே நாளில் திணிக்காமல், திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக் காலையில் வைத்துக்கொள்கிறேன். திரும்பும் டிக்கெட்டை இன்று மாற்றிவிட்டேன்.