"டயர்லயே 120ன்னு போட்டிருக்கு": சைக்கிள் ரேஸ் அன்னிக்கு எவ்வளவு காத்து?

முட்டுக்காடு:
டைம் ட்ரயல் (ஒவ்வொருத்தரா தனியா நேரம் பாத்து ஓட்டுற ரேஸ்) பத்திப் பேசுற இழையில இரும்புத்தொடை இப்படி எழுதியிருக்கார்: "25 மி.மீ. டயர்ல 120 பிஎஸ்ஐ அடிக்காம ஸ்டார்ட் லைனுக்கு வர்றவன் ரேஸரே இல்ல." பிஎஸ்ஐங்கிறது காத்தழுத்த அளவு. அதை நம்பி ரெண்டு புதுப் பசங்க பம்போட நிக்குறாங்க. அங்க பதில் சொன்னா அடியில போயிடும், அதனாலதான் தனி இழை.

ஒரே கேள்வி. எந்த ரோட்டுல 120?

வழவழப்பான இரும்பு உருளை மேல டயரைச் சுத்த விட்டு அளந்தா, காத்து ஏற ஏற உருளும் தடை குறையும். யாரும் மறுக்கல. நாம ஓட்டுற ஈசிஆர், அதான் கிழக்குக் கடற்கரைச் சாலை, இரும்பு உருளை இல்ல. ஜல்லி துருத்திக்கிட்டு நிக்குற தார், ஒட்டுப் போட்ட பள்ளம், டோல் கேட் பக்கம் வரிசையா வெள்ளைப் பட்டை. டயர் கொஞ்சம் நசுங்கினா அந்தக் கல்லை உள்ள வாங்கிக்கும். கல்லு மாதிரி இறுகியிருந்தா வண்டியையும் ஆளையும் சேத்துத் தூக்கிப் போடும். 80 கிலோவை ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர்னு கிலோமீட்டருக்கு எத்தனையோ தடவை தூக்குறதுக்கு சக்தி எங்கிருந்து வருது? உங்க பெடல்ல இருந்துதான். தொடையும் முதுகும் அதிர்ந்தே அது வீணாப் போகுது.

ஆள், வண்டி, ரெண்டு பாட்டில் எல்லாம் சேத்து 80 கிலோன்னா, 25 மி.மீ. டயர்ல பின்னாடி 82ல ஆரம்பிங்க, முன்னாடி அதுல 4, 5 குறைச்சு. ஈரமா இருந்தா ரெண்டுலயும் இன்னும் 5 குறைங்க. ரோட்டுல 10 பிஎஸ்ஐ குறைவா வெச்சா நட்டம் கொஞ்சம்தான். 10 அதிகமா வெச்சா அதைவிடப் பெரிய நட்டம்.

இரும்புத்தொடை:
கட்டுரைப் போட்டியா நடக்குது? டயரைத் திருப்பிப் பாருங்க, பக்கத்துல 120ன்னு அச்சடிச்சிருக்கு. டயர் செஞ்சவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?

வெலோட்ரோம்ல, அதான் சைக்கிள் ரேஸ் தளத்துல, என்ன பண்றாங்க? 2022ல இத்தாலி ரேஸர் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்துல 56.792 கி.மீ. போனாரே, 82 அடிச்சுக்கிட்டா போனார்? இறுகின டயர்தான் வேகமான டயர். எங்க தெரு பங்ச்சர் கடைக்காரருக்கே இது தெரியும்.

முட்டுக்காடு:
அந்த 120க்கு இடது பக்கம் ஒரு வார்த்தை அச்சடிச்சிருக்கு. மேக்ஸ். அதிகபட்சம்னு அர்த்தம். லிஃப்ட்ல "8 பேர்"னு எழுதியிருந்தா எட்டுப் பேர் சேர்ற வரைக்கும் யாரும் வெளிய காத்துக்கிட்டு நிக்குறதில்ல.

கன்னா ஓட்டினது சுவிட்சர்லாந்துல கிரென்சன் ஊர்ல, கூரைக்கு உள்ள இருக்குற 250 மீட்டர் மரத் தளத்துல. அங்க ஜல்லி கிடையாது. ஈசிஆர்ல உத்தண்டியில அந்த மாதிரி மரத் தளம் போட்டுக் குடுங்க, நானே 120 அடிக்கச் சொல்றேன்.

இரும்புத்தொடை:
மேக்ஸ்னா அது வரைக்கும் அடிக்கலாம்னுதானே அர்த்தம். நான் 130 அடின்னா சொன்னேன்? 120தான் சொன்னேன். டயர்லயும் 120தான் இருக்கு.

கொல்லிமலை70:
இடையில வர்றேன், கோவிச்சுக்காதீங்க. மலை இறங்குறவங்களுக்கும் இந்த 120ஐச் சொல்லாதீங்க. காரவள்ளியில இருந்து கொல்லிமலைக்கு மேல போற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவுங்க. பிரேக் கட்டை சக்கர வளையத்தையே (ரிம்) பிடிக்கிற ரிம் பிரேக் வண்டியில அத்தனைக்கும் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினா ரிம் கொதிக்கும். 30 டிகிரியில 120 அடிச்ச டயருக்குள்ள காத்து 80 டிகிரிக்குப் போச்சுன்னா, கணக்குப்படி 142 பிஎஸ்ஐ. லேடெக்ஸ் டியூபா இருந்தா சூட்டுலயே போயிடும். கார்பன் ரிம்னா கேக்கவே வேண்டாங்க. அங்க 80, 85க்கு மேல போகாதீங்க. பிரேக்கையும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே வராம, வளைவுக்கு முன்னாடி ஒரே அழுத்து அழுத்தி விட்டுடுங்க. முன்னும் பின்னும் மாத்தி மாத்தி.

இரும்புத்தொடை:
டிஸ்க் பிரேக் வாங்குங்க. 2026ல யாரு ரிம் பிரேக்குல ரேஸ் போறாங்க?

கொல்லிமலை70:
மலையேறுறவன் அரைக் கிலோ கூடுதலா எதுக்குத் தூக்கணும்? ரிம் பிரேக்கைக் கேவலமாப் பேசுறவங்க எல்லாம் டிஸ்க்குல எண்ணெய் பட்டு கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு இறங்குறதைப் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்.

புதுச்சக்கரம்:
அண்ணா, சின்ன சந்தேகம். பம்ப் தலையை எடுக்கும்போது புஸ்ஸுன்னு காத்து போகுதே, எவ்வளவு போகும்? அதுக்குன்னு 5 கூட்டி அடிக்கணுமா? மறுநாள் பம்பை மாட்டினா முள்ளு பூஜ்யத்துல நிக்குது. என் ரிம் ஹுக்லெஸ்னு கடையில சொன்னாங்க. அதுக்கும் 120 சரியா?

இரும்புத்தொடை:
5 கூட்டியே அடி தம்பி. எடுக்கும்போது அவ்வளவு போயிடும்.

முட்டுக்காடு:
தம்பி, முதல்ல உங்க கடைசிக் கேள்வி. ஹுக்லெஸ் ரிம்ல 120 அடிக்கவே அடிக்காதீங்க. அதோட வரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. டயர் விளிம்பைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி அந்த ரிம்ல இல்ல, அளவு மீறினா டயர் வெளிய தெறிச்சுடும். டயர்ல 120ன்னு இருந்தாலும் ரிம்ல 72.5 இருந்தா ரெண்டுல சின்னதுதான் கணக்கு. ஹுக்லெஸுக்குப் பொருந்தும்னு டயர் கம்பெனி சொல்லியிருக்கான்னும் பாருங்க. நிறைய ரிம்ல 28 மி.மீ.க்குக் குறைஞ்ச டயரே போடக்கூடாது.

புஸ்ஸுன்னு போறது பம்போட ரப்பர் குழாய்ல நின்ன காத்து. டயர்ல இருந்து வர்றதில்ல. பிரெஸ்டா வால்வை (ரேஸ் சைக்கிள்ல வர்ற ஒல்லி வால்வு) டயருக்குள்ள இருக்குற அழுத்தமே மூடிப் பிடிச்சுக்கும். மறுநாள் முள்ளு பூஜ்யம் காட்டுறதும் அதனாலதான். ஒரு அடி அடிச்சு வால்வு திறந்த பிறகுதான் முள்ளு டயரோட அழுத்தத்தைக் காட்டும். அதனால 5 கூட்ட வேண்டாம்.

இப்பவாவது புரியுதா இரும்புத்தொடை? "120 அடிக்காதவன் ரேஸரே இல்ல"ன்னு நீங்க எழுதினதை ஒரு ஹுக்லெஸ்காரர் அப்படியே நம்பிட்டார்.

இரும்புத்தொடை:
ஹுக்லெஸ் வாங்கினது அவர் தப்பு. நான் டயரைப் பத்திப் பேசினேன். காத்து டயர்ல இருந்துதான் போகுது, காதால கேக்குறோமே.

மெழுகுசெயின்:
காத்துக்கு இவ்வளவு சண்டையா? உங்க ரெண்டு பேர் செயினையும் விரலால தொட்டா கை கறுப்பாகும். அதுல போற வாட்டுக்கு யாரும் கணக்குப் போடல. கடல் உப்புக் காத்துல எண்ணெய் போட்ட செயின் மணலைச் சேத்து அரைக்குது.

எண்ணெய்க்குப் பதிலா மெழுகு ஏத்துங்க. புதுச் செயினை மினரல் டர்பன்டைன்ல ரெண்டு மூணு தடவை, திரவம் தெளிவா வர்ற வரைக்கும் குலுக்கிக் கழுவுங்க. அப்புறம் ஸ்பிரிட்ல ஒரு தடவை. நல்லாக் காய விடுங்க. பாரஃபின் மெழுகைத் தண்ணிப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம் வெச்சுத்தான் உருக்கணும், நேரா காஸ் அடுப்புல வெச்சா தீப்பிடிக்கும். 90 டிகிரி கிட்ட வந்ததும் செயினைப் போட்டு 10 நிமிஷம், நடுநடுவுல ஆட்டி விடணும். மெழுகு மேல ஏடு கட்ட ஆரம்பிக்கும்போது எடுத்தா உள்ள நிறைய தங்கும். ஆறினதும் ஒரு கம்பி மேல ஒவ்வொரு கண்ணியா மடக்கி விடுங்க. 300 கி.மீ.க்கு ஒரு தடவை. மழையில நனைஞ்சா அன்னிக்கே.

இரும்புத்தொடை:
செயினைக் குழம்பு வைக்கிறதுக்கு எங்க வீட்ல அடுப்பு இல்ல. எண்ணெய் ரெண்டு சொட்டு, துணியால துடை, முடிஞ்சுது. மெழுகுக்காரங்க மழை வந்தா மறுநாளே துருவோட நிப்பாங்க.

மெழுகுசெயின்:
"அன்னிக்கே"ன்னு எழுதியிருக்கேன். படிக்காம பதில் போடுறது உங்க வழக்கம். குரூப்ல முன்னாடி வந்ததும் 4 கி.மீ. வேகம் ஏத்தி பின்னாடி இருக்குறவங்களைக் கிழிக்கிறதும் உங்க வழக்கம்.

முட்டுக்காடு:
அதை நானே எழுதணும்னு இருந்தேன். மாத்தி மாத்தி முன்னாடி போய் காத்தை வாங்குற வரிசையில, முன்னாடி வர்றவர் அதே வேகத்தைப் பிடிச்சுக்கணும். விலகிப் போறவர்தான் வேகத்தைக் குறைக்கணும். இது தலைகீழா நடந்தா கடைசி ஆள் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிண்ட் அடிச்சு இடைவெளியை மூடணும். அஞ்சாவது சுத்துல அவர் காலி.

மகாபலிபுரம் போறப்ப கடல் இடது கைப் பக்கம். கடல் காத்துக்கு ஒதுங்குற இடம் முன்னாடி போறவரோட வலது பின்பக்கம், அதாவது பஸ் வர்ற பக்கம். காத்து மறைப்புக்காக அங்க விசிறி மாதிரி விரியாதீங்க. ஒத்தை வரிசையில நின்னு, ஒவ்வொருத்தரும் முன்னாடி 30 வினாடி மட்டும் இழுத்துட்டு விலகுங்க.

இரும்புத்தொடை:
30 வினாடி இழுக்குறதுக்குப் பேரு இழுக்குறதா? பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு நல்ல சாக்கு. நான் 3 நிமிஷம் இழுக்குறவன். தாங்காதவங்க வேற குரூப் பாத்துக்கலாம்.

கொல்லிமலை70:
மூணு நிமிஷம் இழுத்துட்டு ஃபினிஷ்ல எத்தனாவது வந்தீங்கன்னும் போடுங்க.

இரும்புத்தொடை:
ரிம் பிரேக் ஆசாமிக்கு எல்லாம் பதில் சொல்ல மாட்டேன்.

முட்டுக்காடு:
பேச்சு மாறிடுச்சு. என் கேள்வி இன்னும் அப்படியே நிக்குது: எந்த ரோட்டுல 120? இன்னொண்ணும் சேத்துக்குங்க. காலைல 25 டிகிரியில 80 அடிச்ச டயர், வெயில்ல நிறுத்தி உள்ள காத்து 45 டிகிரிக்குப் போனா 86 ஆயிடும். 120ல ஆரம்பிச்சவங்க அங்கயே மேக்ஸைத் தாண்டுறாங்க. அதாவது நீங்க ஆதாரம் காட்டுற அந்த அச்சையே நீங்க மீறுறீங்க.

இரும்புத்தொடை:
அது அடிக்கும்போது உள்ள கணக்கு. வெயிலுக்கு எல்லாம் டயர் கம்பெனி இடம் விட்டுத்தான் போட்டிருப்பான்.

முட்டுக்காடு:
இதுக்கு முன்னாடி "டயர் செஞ்சவனுக்குத் தெரியாததா"ன்னு கேட்டீங்க. இப்ப அவன் போட்ட நம்பரைத் தாண்டினாலும் பரவாயில்லங்கிறீங்க.

இரும்புத்தொடை:
120. டயர்ல இருக்கு. திரும்பத் திரும்பச் சொல்ல முடியாது.

புதுச்சக்கரம்:
அப்ப நான் ஞாயித்துக்கிழமைக்கு எவ்வளவு அடிக்கிறது அண்ணா?

இரும்புத்தொடை:
ரிம்மை மாத்திட்டு 120.

முட்டுக்காடு:
உங்க எடை, வண்டி எடை, ரிம்மோட உள் அகலம், காத்து அடிச்ச பிறகு டயரை அளந்தா எத்தனை மி.மீ., இது நாலையும் எழுதுங்க. 25ன்னு போட்ட டயர் 21 மி.மீ. அகல ரிம்ல 27 கிட்ட வரும், அப்ப இன்னும் குறைக்கலாம். ரிம்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. அதைப் பாக்காம நான் நம்பர் சொல்ல மாட்டேன்.

மெழுகுசெயின்:
செயின் போட்டோவும்.