1998 கூனவாரா கேபர்னே சிவப்பு ஒயின்: கார்க் நொறுங்கி உள்ளே விழுந்தது, கடைசி இரண்டு கிளாஸ் சேறு. மிச்சத்தை என்ன செய்ய?

அடிலெய்ட்வாசி:
வணக்கம். பக்கத்து வீட்டுத் தாத்தா வீட்டை விற்றுவிட்டு, மகளோடு இருக்க குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டார். போகும்போது, "குடித்தாலும் சரி, யாருக்காவது கொடுத்தாலும் சரி, குப்பையில் மட்டும் போட்டுவிடாதே" என்று ஆறு பாட்டில் ஆஸ்திரேலிய ஒயின் கொடுத்தார். பெயரில் முதலில் வருவது ஊர், அடுத்தது திராட்சை. கூனவாரா கேபர்னே 1998 இரண்டு, பரோசா ஷிராஸ் 1996, ஹன்டர் செமியோன் 2005, கிளேர் ரீஸ்லிங் 2002, லேபிள் பாதி கிழிந்த ரூதர்க்ளென் மஸ்கட் இனிப்பு ஒயின். அவர் தரைக்கடியில் வைத்திருந்தார். நான் கராஜில், ட்ரையருக்கு மேலே இருக்கும் ஷெல்ஃபில் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை நண்பர்கள் வந்ததும் ஒரு கேபர்னேயை எடுத்து அப்படியே திறந்தேன். கார்க் பாதியில் முறிந்தது. மீதியைக் குடைந்ததில் உள்ளே விழுந்துவிட்டது. டீ வடிகட்டி வைத்து ஊற்றினேன். ஓரமெல்லாம் செங்கல் நிறம். முதல் கிளாஸ் பரவாயில்லை, சுருட்டு வைத்த மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை. கடைசி இரண்டு கிளாஸ் சேறுதான். ஒரே கசப்பு, பல்லெல்லாம் கறுப்பு. மறுநாள் மிச்சத்தில் வினிகர் வாடை.

இது கெட்டுப்போன ஒயினா? செமியோன் வெள்ளை ஒயின்தானே, அது நல்லெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. அதுவும் போச்சா?

ரசப்பொடி:
செங்கல் நிறம் வந்தாலே கதை முடிந்தது. மட்டன் குழம்பில் ஊற்றிவிடுங்கள்.

பழைய_பீப்பாய்:
ரசப்பொடி சார், கடையில் இந்த வாரம் வாங்கி இந்த வாரமே குடிக்கிற பாட்டில் என்றால் நீங்கள் சொல்வது சரி. கூனவாரா கேபர்னேக்கு இருபது, இருபத்தைந்து வருஷம் ஒரு வயசே இல்லை. அதிலும் 1998 அங்கே நல்ல வருஷம்.

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். திறக்கும் முன் பாட்டில் படுத்திருந்ததா, நின்றிருந்ததா? மற்ற சிவப்புகளில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது, கழுத்திலா தோளிலா? மூடி மேல் இருக்கும் தகட்டைத் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கிறதா?

அடிலெய்ட்வாசி:
படுத்துத்தான் இருந்தது அண்ணா. எடுத்த ஐந்தாவது நிமிஷம் திறந்துவிட்டேன். இரண்டாவது கேபர்னேயில் கழுத்து வரை இருக்கிறது. ஷிராஸில் தோள் வரைக்கும் இறங்கியிருக்கிறது, தகடும் ஒட்டுகிறது. இதற்கு வேறு கார்க் போட்டுக் கொடுப்பார்களா?

பழைய_பீப்பாய்:
அப்படியானால் ஒயின் கெடவில்லை, நீங்கள் மண்டியைக் குடித்திருக்கிறீர்கள். வயசாக ஆகச் சாயமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று கோத்துக் கனமாகி அடியில் படியும். நிறம் வெளுப்பதும் மண்டி சேர்வதும் ஒரே காரணத்தால்தான். படுத்திருந்த பாட்டிலைச் சட்டென்று நிமிர்த்தியதும் அத்தனையும் கலங்கிவிட்டது. அது மாவு மாதிரி நைஸாக இருக்கும், டீ வடிகட்டியில் நிற்காது. மறுநாள் வினிகர் வாடை வந்ததிலும் ஆச்சரியமில்லை. இந்த வயசில் திறந்த பாட்டில் ஒரு ராத்திரி தாங்குவதே கஷ்டம்.

அடுத்ததை இரண்டு நாள் முன்னாலேயே நிமிர்த்தி வையுங்கள், அப்புறம் கை வைக்காதீர்கள். பழைய கார்க்குக்குத் திருகாணி வேண்டாம். இரண்டு தட்டைக் கம்பி உள்ள திறப்பான் கிடைக்கும். கம்பிகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாற்றி மாற்றி அழுத்தி இறக்கி, முறுக்கிக்கொண்டே இழுத்தால் நைந்த கார்க்கும் முழுசாக வரும். பாட்டில் வாயை ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு செல்போன் டார்ச்சைப் போட்டு மேஜையில் வைத்து, பாட்டிலின் தோள் அந்த வெளிச்சத்துக்கு மேல் வரும்படி பிடித்து, நிறுத்தாமல் ஒரே சீராக ஜக்கில் இறுத்து ஊற்ற வேண்டும். நடுவில் நிறுத்தி நிமிர்த்தினால் மறுபடி கலங்கும். புளித்தண்ணீரைத் தெளியவைத்து இறுத்து ஊற்றும் அதே கைதான். புகை மாதிரி ஒரு இழை தோளுக்கு வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். அரை கிளாஸ் வீணாகும், போகட்டும். இறுத்ததும் குடியுங்கள். இரண்டு மணி நேரம் காற்றாட விடுவதெல்லாம் இளசுக்கு, கிழத்துக்கு இல்லை.

உண்மையான பிரச்சினை உங்கள் கராஜ். அடிலெய்டில் ஜனவரியில் 40 டிகிரி தாண்டும். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரமாகக் கசியும், ராத்திரி குளிர்ந்ததும் காற்றை உள்ளே இழுக்கும். ஷிராஸ் தகட்டில் ஒட்டுவது அந்தக் கசிவுதான். 12 முதல் 15 டிகிரி உத்தமம். அது முடியாவிட்டால், வெளிச்சுவர் ஒட்டாத ஓர் அலமாரியின் அடித்தட்டில் படுக்க வையுங்கள். நிலையான 20, ஏறி இறங்கும் 15-ஐவிட மேல். ட்ரையர் பக்கமே வேண்டாம்.

கார்க் மாற்றுவது: பென்ஃபோல்ட்ஸ் என்ற ஒயின் கம்பெனி 1991 முதல் முகாம் மாதிரி நடத்துகிறது. ஆனால் அவர்களுடைய சிவப்பு ஒயின் மட்டும், அதுவும் 15 வருஷம் தாண்டியது. உங்கள் ஷிராஸ் அவர்களுடையது இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் அதைத்தான் குடிக்க வேண்டும்.

நியூகாசில்_அக்கா:
செமியோனை யாராவது குழம்பில் ஊற்றினீர்களோ, தெரியும் சேதி! நல்லெண்ணெய் நிறம் அதற்கு இயல்பு தம்பி. ஹன்டரில் திராட்சையைச் சீக்கிரமே பறித்துவிடுவார்கள். ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான். புதுசாகக் குடித்தால் எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், முகம் சுளிப்பீர்கள். பத்து வருஷம் போனால் வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி, தேன் வாசனை வரும். ஓக் பீப்பாயையே பார்க்காத ஒயினில் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

உங்களுடையது திருகு மூடிதானே? ரீஸ்லிங்கும் அப்படித்தான் இருக்கும். கிளேர்காரர்கள் நிறையப் பேர் 2000 அறுவடையிலேயே சேர்ந்து கார்க்கை விட்டுவிட்டார்கள். அதைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் பதறாதீர்கள், வயசான ரீஸ்லிங் அப்படித்தான். மஸ்கட்டுக்கு அவசரமே இல்லை, அது பீப்பாயிலேயே வளர்ந்து முடித்துவிட்டது. பாட்டிலில் மேற்கொண்டு ஒன்றும் ஆகாது, திறந்தாலும் வாரக்கணக்கில் தாங்கும்.

சாம்பார், ரசம் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள், புளிப்பு தின்றுவிடும். செமியோனுக்கு உப்பும் மிளகும் மட்டும் போட்ட இறால் போதும்.

அடிலெய்ட்வாசி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் படுக்கையறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன், மனைவியின் பட்டுப்புடவைக்குக் கீழே. இடத்துக்குச் சண்டை நடந்தது.

முதலில் ஷிராஸ். கார்க் கறுத்து, அடிவரை ஊறியிருந்தது, ஆனால் இரண்டு கம்பித் திறப்பானில் முழுசாக வந்தது. ஜக்கில் தெளிவாக விழுந்தது, விபூதி நிற இழை வந்ததும் நிறுத்தினேன். தோல் செருப்பு, உலர்ந்த அத்திப்பழம், கடைசியில் கொஞ்சம் சோயா சாஸ். நன்றாக இருந்தது என்றே சொல்வேன். ஒரு மணி நேரத்தில் மங்கிவிட்டது.

நேற்று இரண்டாவது கேபர்னே. மட்டம் கழுத்து வரை, கார்க் புதுசு போல. ஆனால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, பழ வாசனையே இல்லை. அரை மணி கழித்து இன்னும் மோசம்.

பழைய_பீப்பாய்:
அது கார்க் தோஷம், டிசிஏ என்ற ரசாயனத்தால் வருவது. உங்கள் கையிலும் தவறில்லை, கராஜிலும் தவறில்லை. கார்க்கோடு பிறந்தது, மருந்தும் கிடையாது. கொட்டிவிடுங்கள், குழம்பில் ஊற்றினாலும் அந்த வாடை போகாது. ரசப்பொடி சார் கவனிக்க.