ஊழியக்காரரும் ஊழியக்காரியும்

குழு: உவர்மலை வீட்டு முற்றம்
4 ஒக்டோபர் 2025, சனிக்கிழமை

சின்னம்மா (ரொறன்ரோ), மாலை 6.12
எல்லோருக்கும் வணக்கம். நேற்று லண்டனிலிருந்து வந்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் அங்கிலிக்கன் திருச்சபைக்குத் தலைமை தாங்கும் கன்ரபரியின் 106ஆவது பேராயராக சேரா மலாலி அம்மையார் அறிவிக்கப்பட்டிருக்கிறார். 597ஆம் ஆண்டில் முதலாவது பேராயரான அகுஸ்தீனார் அங்கே வந்திறங்கிய காலத்திலிருந்து அந்தப் பதவிக்கு ஒரு பெண் தெரிவாவது இதுவே முதன்முறை. அவர் தாதியாகப் பணியாற்றியவர், 1999இல் இங்கிலாந்தின் பிரதான தாதிய அதிகாரியானவர் என்று வாசித்தபோது, திருகோணமலை வைத்தியசாலையில் நான் இரவுக் கடமை பார்த்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அது போகட்டும், நம்முடைய பிள்ளையின் விண்ணப்பம் என்னவாயிற்று?

அம்மா, 6.20
தங்கச்சி, அதைக் குழுவில் எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன். நீ கேட்டுவிட்டாய், ஆகவே சொல்கிறேன். மெதடிஸ்த திருச்சபையின் குருத்துவப் பணிக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கப் போவதாகவும், தெரிவானால் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்குப் படிக்கப் போவதாகவும் சொல்கிறாள். கடிதம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

அத்தான் (நிலாவெளி), 6.34
குடும்பத்தில் ஒருவர் கர்த்தருக்காக நிற்க விரும்புவது எனக்குச் சந்தோஷம். ஆனாலும் மனச்சாட்சியை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. “உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை” என்று 1 தீமோத்தேயு 2:12 தெளிவாகச் சொல்லும்போது, திருச்சபையை நிர்வகிக்கும் ஒரு மகா சபை கூடித் தீர்மானித்ததனாலோ இங்கிலாந்தில் ஒருவர் நியமிக்கப்பட்டதனாலோ அந்த வசனம் அழிந்துவிடாது.

அம்மப்பா, 6.41
இந்த விடயத்தைப் பேசித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒருவரும் குரல்பதிவு அனுப்ப வேண்டாம். பாதியில் நிற்கும் வசனங்களும் படங்களும் வேண்டாம். நான் முப்பத்து நான்கு வருடம் தமிழ் படிப்பித்தவன். முழு வாக்கியமாக எழுதினால் மட்டுமே வாசிப்பேன்.

நான், 6.58
அத்தான், அந்த வசனத்தை நான் ஒதுக்கவில்லை. அதை எழுதிய அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனஞ்சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். பேசவே கூடாதென்றால், பேசும்போது முக்காடு எதற்கு? மூன்று அதிகாரம் தள்ளி, “சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்” என்றும் வருகிறது. ஆகவே இரண்டில் ஒன்றை நாம் அந்தக் கொரிந்து சபையின் நிலைமையோடு பொருத்தித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. தீமோத்தேயு நிருபத்தில் “அதிகாரஞ்செலுத்த” என்று மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. தீமோத்தேயு ஊழியம் செய்த எபேசுவில் நிலவிய ஏதோ ஒரு குறிப்பிட்ட கோளாறைப் பற்றியே பவுல் எழுதினார் என்று பலர் கருதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தான் (நிலாவெளி), 7.09
ஒரு சொல் அரிதாக வருகிறது என்பதற்காக வசனத்தைச் செல்லாக்காசாக்க முடியாது. அடுத்த வசனத்தில் பவுல் எபேசுவைப் பேசவில்லை. முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான் என்று சிருஷ்டிப்புக்கே போகிறார். ஆதியாகமத்திலும் பெண் “ஏற்ற துணை” என்றுதான் இருக்கிறது. துணை என்பது இழிவு அல்ல, அது ஓர் ஒழுங்கு.

நான், 7.16
“துணை” என்பதற்கு மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் நமக்குப் புதிதல்ல, அத்தான். “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுப்பேன்” என்று அம்மம்மா தினமும் சொல்லி எழும்புவாரே, அந்த 121ஆம் சங்கீதத்தில் “ஒத்தாசை” என்று வருவதும் அதே சொல்தான். அங்கே ஒத்தாசை செய்கிறவர் கர்த்தர். அவரை நாம் ஒருவருக்குக் கீழே வைப்பதில்லை.

பெரியமாமா (பாலையூற்று), 7.30
நான் கல்யாணத்தோடு கத்தோலிக்கனானவன். உங்கள் சபை விடயத்தில் தலையிடும் உரிமை எனக்குக் குறைவு. ஆனாலும் எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். 1994ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய மடலில், பெண்களுக்குக் குருத்துவத் திருநிலை வழங்குவதற்குத் திருச்சபைக்கு எவ்வித அதிகாரமும் இல்லை என்று அறிவித்தார். “வழங்க மாட்டோம்” என்று அவர் எழுதவில்லை, “வழங்க அதிகாரம் இல்லை” என்றுதான் எழுதினார். இயேசு அந்தக் காலத்தின் எத்தனையோ வழக்கங்களை மீறி, சமாரியப் பெண்ணோடு கிணற்றடியில் பேசினார்; அப்படிப்பட்டவர் பன்னிருவரை ஆண்களாகத் தெரிந்ததைத் தற்செயல் என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. தேவதாயை அப்போஸ்தலர் எல்லோருக்கும் மேலாக வணங்குகிறோம், ஆனால் அவரும் குருவாக இருக்கவில்லை. குருத்துவத்தைப் பதவி உயர்வு போலப் பார்ப்பதனால்தான் இந்தக் கேள்வி உரிமைக் கேள்வியாகிவிடுகிறது. அத்தோடு, சின்னம்மா சொன்ன செய்தி வந்த அன்றே ருவாண்டாவின் அங்கிலிக்கன் பேராயர் அதைக் கண்டித்து அறிக்கை விட்டிருக்கிறார். அவர்களுக்குள்ளேயே ஒருமனம் இல்லை.

சின்னம்மா (ரொறன்ரோ), 7.38
அண்ணா, ஒருமனம் வந்த பிறகுதான் எதையும் செய்வது என்றால் பேதுரு யூதரல்லாத கொர்னேலியுவின் வீட்டு வாசற்படியை மிதித்திருக்க மாட்டார். ஹொங்கொங் ஆயர் 1944ஆம் ஆண்டு ஜனவரியில், யுத்தத்தின் நடுவே, குருவானவர் போய்ச் சேர முடியாத மக்காவோ சபைக்காக புளோரன்ஸ் லீ ரிம்-ஒய் என்ற பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தார். யுத்தம் முடிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது, லீ அந்தப் பணியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். ஆபத்துக்கு உதவியவரை அமைதி வந்ததும் வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்துத் திருச்சபை 1992இல் வாக்களித்து, 1994இல் முதற் பெண் குருக்களை அபிஷேகம் செய்ய அரை நூற்றாண்டு போயிற்று. நம் நாட்டு அங்கிலிக்கன் திருச்சபையில் அது 2006இல் நடந்தது.

பெரியமாமி (பாலையூற்று), 7.52
இவர் சொன்ன போதனையை நானும் ஏற்கிறேன். குருவாக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. ஆனால் இவர் சொல்லாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். மறைக்கல்வி வகுப்பும் பூசையில் வாசகமும் எனக்கு முப்பது வருடப் பழக்கம். வாசகர், பீடத்துணைவர் என்ற பணிகளை நிரந்தரமாக ஏற்படுத்தும் சடங்கு ஆண்களுக்கு மட்டுமே உரியதென்று சட்டத்தில் இருந்தது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அதை மாற்றும்வரை, நானெல்லாம் வாசிக்கிற ஆளே தவிர வாசகர் அல்ல. பெரிய வியாழனில் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்ற அனுமதி 2016இல் வந்தது. அதற்கு முன்னர், பன்னிரண்டு ஆண்களைத் தேடி நாங்கள் பெண்கள்தான் வீடு வீடாக அலைந்திருக்கிறோம். அவர்கள் வந்து கதிரையில் அமர, பாத்திரத்தையும் துவாயையும் நாங்கள் தயார் செய்து கொடுப்போம்.

மகதலா மரியாவையும் மறக்க வேண்டாம். 591ஆம் ஆண்டு திருத்தந்தை முதலாம் கிரகோரியார் ஒரு மறையுரையில், லூக்கா 7ஆம் அதிகாரத்தில் வருகிற பாவியான பெண்ணும் மகதலா மரியாவும் ஒருவரே என்றார். நற்செய்தியில் அப்படி ஒரு வரி கிடையாது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்களிடம் போய்ச் சொன்னவர், பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மேற்குத் திருச்சபையில் மனந்திரும்பிய விலைமாதாக நின்றார். 2016இல்தான் அவருடைய நினைவு நாள் அப்போஸ்தலர்களுடையதைப் போல விழாவாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, நானே பழைய பாடத்தை எத்தனை வருடம் படிப்பித்தேன் என்று வெட்கப்படுகிறேன்.

பெரியமாமா (பாலையூற்று), 7.57
இதை நீர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லையே.

பெரியமாமி (பாலையூற்று), 7.58
வீட்டில் நீங்கள் கேட்டதில்லை.

அக்கா (நிலாவெளி), 8.06
இப்போதுதான் சமையல் முடிந்தது, எல்லாவற்றையும் வாசித்தேன். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நான் இருபது நிமிடம் வேதத்தை விரித்துப் பேசினால் அதன் பெயர் சாட்சி. அதே இடத்தில் இவர் பத்து நிமிடம் பேசினால் அதன் பெயர் தேவசெய்தி. கேட்கிறவர்கள் அதே ஆட்கள், வசனமும் பலவேளை அதே வசனம், ஏனென்றால் குறிப்பு எழுதிக் கொடுப்பது நான்தான்.

அத்தான் (நிலாவெளி), 8.11
குறிப்பு எழுதுவது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனாலும் மேய்ப்பனாக நின்று சபைக்குக் கணக்குக் கொடுப்பது வேறு என்பது என் நம்பிக்கை. இவள் பேசும்போது தேவன் கிரியை செய்வதை நானே கண்டிருக்கிறேன், அதையும் மறுக்க முடியாது. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதை நான் இன்னும் ஜெபத்தில்தான் வைத்திருக்கிறேன்.

நான், 8.27
அக்கா சொன்ன இடத்தில்தான் என் கேள்வியும் இருக்கிறது. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் பெபேயாளை “கெங்கிரேயா ஊர்ச் சபைக்கு ஊழியக்காரி” என்கிறார். கிரேக்கத்தில் அங்கே இருப்பது “தியாக்கோனோஸ்” என்ற சொல். பிலிப்பியர் நிருபத்தின் தொடக்கத்தில் அதே சொல், கண்காணிகளோடு சேர்த்து எண்ணப்படும் பொறுப்பாளர்களைக் குறித்து “உதவிக்காரர்” என்று வருகிறது. 1 கொரிந்தியர் 3:5இல் பவுலும் அப்பொல்லோவும் “ஊழியக்காரர்” ஆகிறார்கள், அதுவும் இதே சொல்தான். ஆகவே பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பெபேயாளுக்கு அநியாயம் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பவுலுக்குக் கொடுத்த சொல்லையே அவருக்கும் கொடுத்தார்கள். அதன் பிறகு நாம்தான் அதைப் பிரித்துவிட்டோம். நம் ஊரில் “ஊழியக்காரர் வருகிறார்” என்றால் போதகர் வருகிறார் என்று பொருள், கதிரை எடுத்துப் போடுகிறோம். “ஊழியக்காரி” என்றால் கோயில் கூட்டுகிற அம்மா என்று பொருள்.

அதே அதிகாரத்தில் அன்றோனீக்குவோடு யூனியாவும் “அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்” என்று வாழ்த்தப்படுகிறார். நான்காம் நூற்றாண்டில் புகழ்பெற்ற பிரசங்கியாரான கிறிசொஸ்தோமுக்கு அவர் பெண் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. அப்போஸ்தலர் என்ற பெயருக்கே பாத்திரமானவள் என்று வியந்து பிரசங்கித்தார். பிற்காலத்தவர்கள், அப்போஸ்தலர் என்றால் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதி, அவரை யூனியாஸ் என்ற ஆணாக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கிரேக்கப் பதிப்புகளும் அப்படியே அச்சாயின. நல்லவேளை, நம் தமிழ் வேதாகமத்தில் அவர் யூனியாவாகவே தப்பிவிட்டார்.

அம்மா, 8.35
நீ வேதத்தில் வெல்வாய் என்று எனக்குத் தெரியும். என் பயம் வேறு. மகா சபை அனுப்புகிற இடத்துக்குப் போகவேண்டும். தெரியாத சேகரத்தில், பெரிய மிஷன் வீட்டில், தனியாக இருப்பாய். நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசினால், மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது இடமாற்றத்தைப் பற்றித்தான். ஆண் போதகருக்கு வீட்டைப் பார்க்க மனைவி வருகிறாள், மாதர் சங்கத்தையும் அவளே நடத்துகிறாள். உனக்கு யார் வருவார்?

நான், 8.44
அம்மா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அபிஷேகம் பெற்ற பிறகும் ஞாயிறு பாடசாலைக்கும் நோயாளர் சந்திப்புக்கும் மட்டும் என்னைக் கூப்பிட்டு, பாதீட்டுக் கூட்டத்தில் தேநீர் ஊற்றச் சொல்லவும் கூடும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அம்மப்பா, 9.15
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையின் சரித்திரமும் அவ்வளவு வெள்ளை அல்ல. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, 1771இல் மேரி பொசன்கே என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், உமக்கு அசாதாரணமான அழைப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு பிரசங்கிக்க இடம் கொடுத்தார். வெஸ்லி இறந்து பன்னிரண்டே வருடத்தில், 1803இல், பிரித்தானிய மகா சபை பெண்களின் பிரசங்கத்தைப் பெரும்பாலும் அடக்கிவிட்டது. பிறகு 1974இல்தான் அங்கே பெண்களை முதன்முதலாகக் குருக்களாக அபிஷேகம் செய்தார்கள். கொடுத்ததைப் பறித்து, மறுபடி கொடுக்க 171 வருடம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 1990இல் ஊர் இடம்பெயர்ந்தபோது, நாங்கள் சில மாதம் காட்டோரத்தில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். போதகர் எங்களிடம் வந்துசேர வழி இருக்கவில்லை. உங்கள் அம்மம்மா ஒவ்வொரு ஞாயிறும் வேப்பமரத்தடியில் ஆராதனை நடத்தினாள். பாட்டு, பாவ அறிக்கை, வேதவாசிப்பு, பிரசங்கம் எல்லாம் இருந்தது. திருவிருந்து மட்டும் இல்லை. காய்ச்சலில் ஒரு குழந்தை இறந்தபோது, அடக்க ஆராதனையைப் புத்தகம் இல்லாமல் மனப்பாடமாகச் சொன்னவளும் அவள்தான். நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர் திரும்பிய பிறகு, சபைப் பதிவேட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த மாதங்களுக்கு நேரே, “போதகர் இல்லாதபடியால் ஆராதனை நடைபெறவில்லை” என்று எழுதினேன். வேறு யாருமல்ல, நானே, என் கையெழுத்திலேயே எழுதினேன். அவள் அதை வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தமிழில் பிழை பார்த்தே வாழ்ந்தவனுக்கு அந்த வசனத்தில் இருந்த பிழை அன்று தெரியவில்லை.

சின்னம்மா (ரொறன்ரோ), 9.19
அந்த வேப்பமரம் எனக்கு நினைவிருக்கிறது, அப்பா. அம்மா என்னைத்தான் பாட்டுத் தொடங்கச் சொல்வா.

பெரியமாமா (பாலையூற்று), 9.33
அப்பா, நான் அந்த வருடம் கொழும்பில் இருந்தேன். இதை இன்றுதான் அறிகிறேன். என் நிலைப்பாடு இதனால் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் திருச்சபையில் குருவுக்குக் கீழ்ப்படியிலுள்ள திருத்தொண்டராகப் பெண்கள் வரலாமா என்ற கேள்வி இன்னும் திறந்திருக்கிறது என்று 2024 ஒக்டோபரில் ஆயர்கள் மாமன்றத்தின் இறுதி ஆவணம் சொன்னது. குருத்துவம் பற்றி அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நடந்த ஆராதனையை நடக்கவில்லை என்று எழுதக்கூடாது. பிள்ளை, உன் கடிதத்தை இங்கே போடு. எழுத்தை மட்டும் பார்க்கிறேன்.

நான், 9.40
“கர்த்தர் என்னை அழைக்கிறார் என்று நம்புகிறபடியால், திருச்சபையின் பணியில் ஓர் உதவியாக இருக்க எனக்கு அனுமதி தரும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” முக்கியமான வரி இதுதான், மாமா. மற்றதெல்லாம் படிப்பும் பிறந்த திகதியும்.

அம்மப்பா, 9.46
“மிகவும் தாழ்மையுடன்” என்பதை வெட்டு. “ஓர் உதவியாக இருக்க” என்பதையும் வெட்டி, “குருத்துவ ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுக்கிறேன்” என்று எழுது.

பெரியமாமா (பாலையூற்று), 9.49
முதலாவதை வெட்டுவது சரி. “உதவி” இருக்கட்டும், அப்பா. 121ஆம் சங்கீதத்தைக் காட்டி அரை மணி நேரம் வாதாடிய பிள்ளை அந்தச் சொல்லுக்கு வெட்கப்படத் தேவையில்லை.

அத்தான் (நிலாவெளி), 9.52
“நம்புகிறபடியால்” என்பதற்குப் பிறகு காற்புள்ளி தேவையா என்று அம்மப்பா பார்த்துச் சொன்னால் நல்லது.

அம்மா, 9.55
கடிதத்தின் மேலே திகதி எழுதவில்லை, பிள்ளை.