கச்சான் காத்து வெக்கையில பல்லுக் காட் மெழுகு இளகி எல்லாம் கலந்துபோச்சு. பிரிக்க வழி இருக்கா?

கல்லடி லேப் மகள் | திங்கள் காலை 10.40

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு உதவி வேணும்.

அப்பா கல்லடியில சின்ன டென்டல் லேப் வெச்சிருக்கார். கட்டுப் பல்லுத்தான் முக்கிய வேலை, நாலு கிளினிக்குக்குச் செய்து குடுக்கிறம். பல்லு ஸ்டொக் பாக்கிறது நான். போன மாசம் ஒரு நகைக்கடை மூடக்குள்ள அவங்கட கண்ணாடி ஷோகேசை மலிவா வாங்கினன். டொக்டர்மார் வந்தா நின்ட இடத்தில பாத்து மோல்ட் (பல்லிட உருவ வகை) எடுக்கலாம் எண்டு எல்லாக் காட்டையும் (பல்லு மெழுகில ஒட்டி வாற அட்டை) நிமித்தி வெச்சி, உள்ளுக்க மஞ்சள் பல்பும் போட்டு அடுக்கினன். பாக்க வடிவாத்தான் இருந்தது. "லாச்சியில படுத்துக் கிடந்த பல்ல ஏன் எழுப்புறாய்" எண்டு அப்பா அப்பவே கேட்டவர். நான் காதில போடல்ல.

கச்சான் தொடங்கி இப்ப ரெண்டு கிழமை. எங்கட கடை யன்னல் மேற்குப் பாத்தது. சனி, ஞாயிறு பூட்டிக் கிடந்து இண்டைக்குத் திறந்தா, மெழுகு இளகி, பல்லெல்லாம் சறுக்கி அடித்தட்டில கொட்டிக் கிடக்கு. நாப்பது காட் வரும். சிலதில ரெண்டு மூண்டு பல்லு ஒட்டியிருக்கு, சிலது வெறுங் காட். ஷேட், அதாவது பல்லிட நிறம், ஏ2, ஏ3, ஏ3.5, பி2 நாலும் கலந்திட்டு. மேல், கீழ், முன், பின் ஒண்டும் தெரியல்ல.

இதைப் பிரிக்க ஏலுமா, இல்ல தூக்கி எறியிறதா? பல்லில பிசுபிசுக்கிற மெழுகைத் தின்னரால துடைக்கலாமா? இனி ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் போட்டு காட்டில ஒட்டினா சரியா? வியாழன் ஒரு டொக்டர் மோல்ட் பாக்க வாறார். அப்பாக்கு இன்னும் முழுசாச் சொல்லல்ல.

கல்முனை மெக்கானிக் | திங்கள் பகல் 12.05

தங்கச்சி, நானும் கட்டுப் பல்லு செய்யிற மெக்கானிக்தான். முதல்ல அந்தத் தின்னர் போத்தலக் கீழ வைங்க. நம்மட பல்லு அக்ரிலிக். தின்னர், அசிற்றோன், குளோரபோம் ஒண்டும் பட ஏலா. பட்டா மேல்பளபளப்புப் போய், மயிர் மாதிரி வெடிப்பு விழும். இண்டைக்குத் தெரியாது, வாயில போனாப் பிறகுதான் தெரியும். லேபில அக்ரிலிக் குழைக்க வெச்சிரிக்கிற மொனமர் லிக்விட்டும் அதே வேலையத்தான் செய்யும். அந்தப் போத்தலும் பல்லும் ஒரே அலுமாரியில இரிந்தா உடன பிரிச்சி வைங்க.

டேப்பும் வேணாம், சுப்பர் குளூவும் வேணாம். காரணம் சொல்றன். பல்லிட அடிப்பக்கம்தான் பின்னால பேஸ் அக்ரிலிக்கோட (முரசில இரிக்கிற தட்டு) ஒட்டிப் பிடிக்கிற இடம். அதில பசையோ மெழுகோ மிஞ்சினா, செட் குடுத்து ஆறு மாசத்தில பாண் கடிக்கக்குள்ள பல்லு கழண்டு கையில வரும். கார்ட் மெழுகு கொதிதண்ணியில போயிரும், டேப் பசை அப்பிடி லேசாப் போகாது. மெழுகுல வைக்கிறது கம்பனிக்காரன் ஒண்டும் யோசிக்காமச் செய்த வேலை இல்ல.

எறியவும் வேணாம். ஆனா இப்பவே கழுவப் போகாதீங்க. முதல்ல ஒரு போட்டோ எடுங்க. எந்தக் காட்டுக்கு நேர கீழ எந்தக் குவியல் விழுந்து கிடக்கு எண்டு பாருங்க. சறுக்கின பல்லு தூரப் போகாது, முக்கால்வாசி அதே காட்டுக்குக் கீழதான் கிடக்கும். ஷோகேசத் தட்டாம, அசைக்காம, ஒவ்வொரு குவியலா ஒரு சிரட்டையில எடுங்க. காட் நம்பரை ஒரு துண்டில எழுதி அந்தச் சிரட்டைக்குள்ளயே போடுங்க.

ஏறாவூர் கிளினிக் | திங்கள் பகல் 1.30

எங்கட கிளினிக்கில காட் எல்லாத்தையும் பிரிஜ்ஜில வைப்பம். மெழுகு இளகாது. அப்படிச் செய்யலாமே?

கல்முனை மெக்கானிக் | திங்கள் பகல் 2.10

செஞ்சி பாத்தவன்தான் நானும். குளிர்ல மெழுகு கல்லு மாதிரி இறுகும், வெளிய எடுத்துக் கொஞ்சம் வளைச்சா பல்லு துள்ளி விழும். வெளிய வந்த உடன காட் எல்லாம் வேர்க்கும், லேபல் ஊறும். கரண்ட் போனா அதுவும் இல்ல. பல்லுக்குக் குளிர் தேவையில்ல, வெயில் படாத இடமும் படுத்துக் கிடக்கிற காட்டும் போதும்.

கல்லடி லேப் மகள் | திங்கள் இரவு 9.50

நீங்க சொன்ன மாதிரிச் செய்தன் நானா. குவியல் குவியலா எடுத்ததில பதினெட்டு காட் அப்படியே முழுசாச் சேர்ந்திட்டு! சிரட்டை காணாம குசினியில இருந்த தேத்தண்ணிக் கோப்பையெல்லாம் எடுத்திட்டன். இனி நடுவில கிடக்கிற பெரிய குவியல்தான். முன்பல்லு இடது வலது எப்படிப் பாக்கிறது? பின்பல்லு எனக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரியுது.

கல்முனை மெக்கானிக் | திங்கள் இரவு 10.25

மாஷா அல்லாஹ், பாதி வேலை முடிஞ்சிரிக்கி.

ஷேட்டக் கடைசிக்கு வைங்க. முதல்ல முன்பல்லு, பின்பல்லு. பிறகு மேல், கீழ். ஒரு முழு செட்டுக்கு 28 பல்லு எண்டு உங்களுக்குத் தெரியும்: மேல் முன் ஆறு, கீழ் முன் ஆறு, மேல் பின் எட்டு, கீழ் பின் எட்டு. நாலு காட். அந்த நாலு குவியலாப் பிரிங்க.

மேல் நடுப்பல்லுதான் அகலம் கூடினது. முகம் உங்களப் பாக்க, கழுத்து மேல இரிக்கிற மாதிரி வைங்க. கடிக்கிற விளிம்பில ஒரு மூலை கூரா இரிக்கும், மற்ற மூலை உருண்டிருக்கும். கூரான மூலை நடுக்கோட்டுப் பக்கம். உருண்ட மூலை உங்கட இடக்கைப் பக்கம் இரிந்தா அது நோயாளிட வலப்பல்லு. இதில தடுமாறுறவங்கதான் கூட, நீங்க கண்ணாடியப் பாக்கல்ல, ஒராளுக்கு முன்னால நிக்கிறீங்க எண்டு நினைங்க. கோரைப் பல்லில நுனியில இருந்து ரெண்டு சரிவு போகும், கட்டையான சரிவு நடுக்கோட்டுப் பக்கம். கீழ் முன்பல்லு நாலும் கரைச்சல்தான். நடுவில ரெண்டும் ஒடுக்கம், அதுக்குப் பக்கத்தில ரெண்டும் ஒரு நூல் அகலம் கூட.

கடவாய்ப் பல்லு, மேல் எண்டா மேலால பாக்கக்குள்ள சரிஞ்ச சதுரம் மாதிரி. கீழ் எண்டா நீட்டுப் பெட்டி. கீழ் முதல் கடவாயில வெளிப்பக்கம் மூணு மேடு இரிக்கும், அத எண்ணினாலே பிடிச்சிரலாம். சில கம்பனிப் பல்லுக்கு அடியில சின்னக் குறியும் இரிக்கும், பெருப்பிச்சுக் காட்டுற லூப் இருந்தாப் பாருங்க.

ஆனா இதெல்லாத்தயும் விட லேசான வழி ஒண்டு: அதே மோல்டில கலையாம இரிக்கிற ஒரு காட்டத் தாய்க் காட்டா வெச்சி, ஒவ்வொரு பல்லையும் அதுக்குப் பக்கத்தில வெச்சிப் பாருங்க. நம்மட மனப்பாடத்த விட அது நம்பிக்கை.

அம்பாறை பல் வைத்தியர் | செவ்வாய் காலை 7.15

மெக்கானிக் சொன்னது சரி. ஷேட் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் அங்கேதான் உங்களுக்குச் சோதனை வரப்போகிறது.

ஏ2 க்கும் பி2 க்கும் வித்தியாசம் ஓரளவு தெரியும். ஏ வரிசை சிவப்புக் கலந்த பழுப்பு, பி வரிசை சிவப்புக் கலந்த மஞ்சள். ஏ3 க்கும் ஏ3.5 க்கும் இடையில்தான் கண் ஏமாறும். பல்ப் வெளிச்சத்தில் பிரிக்கவே வேண்டாம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பல், வேறொரு வெளிச்சத்தில் வேறாக நிற்கும். காலை ஒன்பது பத்து மணிக்கு, வெயில் நேரே விழாத விறாந்தையில், சாம்பல் நிறக் காகிதத்தின் மேல் வையுங்கள். பல்லையும் ஒப்பிடும் பல்லையும் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த பல் வெளிறித் தெரியும். ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள், கண் சோர்ந்தால் எல்லாமே ஒன்றாகிவிடும். ஒப்பிடுவதும் அதே கம்பனியின் அதே ஷேட் காட்டோடு. ஒரு கம்பனியின் ஏ3 இன்னொரு கம்பனியின் ஏ3 ஆக இராது.

அதற்குப் பிறகும் சந்தேகமான முன்பல்லை எந்தச் செட்டிலும் சேர்க்காதீர்கள். ஆறு முன்பல்லில் ஒன்று மட்டும் அரை ஷேட் கூடினால் நோயாளியின் மகளுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். பிறகு என்னிடம்தான் வருவார்.

ஷோகேஸ் பற்றி ஒரு வார்த்தை. நகை வாங்க வருபவருக்கு மினுக்கம் வேண்டும், எங்களுக்கு அது இடைஞ்சல். மோல்ட் தெரிவு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது உருவமும் ஆறு பல்லின் மொத்த அகலமும். சதுரம், கூம்பு, முட்டை வடிவம் என்று லியோன் வில்லியம்ஸ் 1914 இல் பிரித்த அந்த மூன்று வகையை வைத்துத்தான் இன்றைக்கும் பல கம்பனி மோல்ட் அட்டவணைகள் ஓடுகின்றன. ஆகவே ஸ்டொக் முழுவதையும் காட்சிக்கு வைக்கத் தேவையில்லை. மோல்டுக்கு ஒரு காட், அதுவும் ஒரே ஷேட்டில், மாதிரிக்கு இருந்தால் போதும். அதை நாங்கள் கையில் எடுத்து நோயாளியின் உதட்டருகே பிடித்துப் பார்ப்போம். அப்படி வாயருகே போன மாதிரியைக் கழுவித் தொற்று நீக்காமல் ஸ்டொக்கோடு சேர்க்க வேண்டாம்.

பழைய கம்பொசிட்டர் | செவ்வாய் காலை 9.00

மகள், நான் பல்லு வேலைக்காரன் இல்லகா. மட்டக்களப்பில அச்சுக்கூடத்தில எழுத்துக் கோர்த்துக் கோர்த்தே கண்ணு மங்கினவன். ஆனா உன்ட கரைச்சல் எனக்கு நல்லாத் தெரியும். ஒரு நாள் பொடியன் ஒருத்தன் எழுத்து வைக்கிற கேஸ் தட்டோட விழுந்து, தமிழ் எழுத்து அவ்வளவும் நிலத்தில. மூண்டு நாள் குந்தியிருந்து பொறுக்கினம். லகரத்தையும் ளகரத்தையும் அவன் மாறிப் போட்டதில, பிறகு ஒரு கலியாணக் காட்டில "மணமகள்" எல்லாம் "மணமகல்" ஆப் போச்சு.

நாங்க எழுத்த அகர வரிசையில வைக்கிறதில்ல. கூட வேலைக்கு வாற எழுத்து கைக்குக் கிட்ட, பெரிய குழியில. எப்பவாவது வாறது மேல மூலையில. கண்ணால தேடுறதில்ல, கை தானாப் போகும். நீயும் ஷேட் நம்பர் வரிசையில வைக்காம, கூடப் போற ஷேட்ட இடுப்பு உயரத்தில வை. வேலை முடிஞ்சாப் பிறகு எழுத்தைத் திரும்பக் குழியில போடுறதுதான் பெரிய வேலை. அதை அவசரத்தில செய்யக் கூடா.

எனக்கிட்ட பழைய கேஸ் ரெண்டு கிடக்கு. குழி குழியா, உன்ட பல்லுக்கு அளவெடுத்த மாதிரி. வேணுமெண்டா வந்து எடுத்துக்கோ. காசு வேணாம். என்ட வாயில கிடக்கிறதும் கட்டுப் பல்லுத்தான், அந்தப் பாசம்.

கல்லடி லேப் மகள் | செவ்வாய் காலை 9.20

ஐயா, கை எடுத்துக் கும்பிடுறன். இண்டைக்குப் பின்னேரமே வாறன்!

அம்பாறை பல் வைத்தியர் | செவ்வாய் பகல் 12.40

ஐயாவின் மனதுக்கு நன்றி, ஆனால் தயவுசெய்து அந்தப் பெட்டியில் பல் வைக்காதீர்கள். அச்செழுத்து வார்க்கும் உலோகத்தில் பெரும்பங்கு ஈயம். பல வருசம் எழுத்துக் கிடந்த மரக் குழிகளில் அந்தத் தூசி இறங்கியிருக்கும், கழுவினாலும் முழுதாகப் போகும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். வாய்க்குள் போகும் பொருள் இது. பெட்டியின் அமைப்பை எடுங்கள், பெட்டியை விட்டுவிடுங்கள்.

பழைய கம்பொசிட்டர் | செவ்வாய் பகல் 1.15

டொக்டர் சொல்றது சரிதான். அந்தக் காலத்தில நாங்க அந்தக் கையாலேயே சோறும் திண்டம். பெட்டி இங்கயே கிடக்கட்டும் மகள். குழி போட்ட விதத்தைப் படம் எடுத்து அனுப்புறன்.

காத்தான்குடி தச்சர் | செவ்வாய் இரவு 8.30

படத்தப் பாத்தன். சுகமாச் செய்யலாம். ஆனா பிளைவூட் வேணாம் தங்கச்சி, வாடை மழைக்கு ஊதி லாச்சி இறுகிக்கும், இழுக்கிற இழுவையில திரும்பவும் எல்லாம் கொட்டும். இரும்பும் உங்கட பக்கம் சரி வராது, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, ஒரு வருசத்தில துரு. தேக்குச் சட்டம் அடிச்சி, தட்டுக்கு வெள்ள பிளாஸ்டிக் ஷீட் போடுங்க. லாச்சி ஆழம் ஒரு இஞ்சிக்கு மேல வேணாம், ஆழம் கூடினா காட்டுக்கு மேல காட் அடுக்கத் தோணும். முன்பக்கம் சின்ன வரம்பு. முழுசா வெளிய வராம ஒரு தடையும் வெச்சித் தரலாம். காட்டிட நீள அகலத்த அடிமட்டத்தால அளந்து அனுப்புங்க, கம்பனிக்குக் கம்பனி வித்தியாசம் இரிக்கும்.

கல்முனை மெக்கானிக் | செவ்வாய் இரவு 9.05

நானாட யோசனை நல்லம். ஒண்டு மட்டும்: நம்பர் காட்டில மட்டும் இரிந்தா இப்ப நடந்ததுதான் திரும்ப நடக்கும். குழியிலயும் எழுதுங்க, பென்சிலால. மை எண்டா ஈரத்துக்கு ஊறும். ஒரு மோல்டில கடைசிக் காட்ட உடைக்கக்குள்ள கொப்பியில குறிங்க, ஓடர் தன்னால வரும்.

கழுவுற நேரம் ஒரு செட் ஒரு செட்டாத் தேத்தண்ணி வடியில போட்டு, சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சவுக்காரமும். சிங் ஓட்டைய அடைங்க! என்ட ஒரு கோரைப் பல்லு இப்பவும் கல்முனைக் கானுக்குள்ளதான் கிடக்கு.

கல்லடி லேப் மகள் | வெள்ளி மாலை 5.30

முடிவு சொல்லாமப் போனாச் சரியில்ல.

மொத்தம் முப்பத்தி மூண்டு காட் தேறிட்டு. புது மெழுகு மெல்லிசாப் போட்டு அப்பாதான் திரும்ப ஒட்டினார். ஓம், சொல்லிட்டன். ஏசல்ல, "சரி, படுக்க வை" எண்டார். ஏ3, ஏ3.5 சந்தேகமான முன்பல்லு நாப்பத்தொண்டு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்க போட்டு "செட்டுக்கு இல்ல" எண்டு ஒட்டியிருக்கன். தங்கச்சிதான் ஷேட் பாக்கிறதில கெட்டிக்காரி. அப்பாவும் நானும் அடிபட்ட இடத்தில அவள் ஒரு பார்வையில சொல்லிட்டாள்.

பெரிய குவியலுக்க ஆறு பல்லு கையில குளிர்ந்து, கண்ணாடியில தட்டினா "டிங்" எண்டு சத்தம் போட்டது. பின்பக்கம் சின்ன ஊசி மாதிரிக் கம்பி. அப்பா பாத்திட்டுச் சிரிச்சார், அவர்ட குரு குடுத்த பழைய போர்சலின் பல்லாம். அது அக்ரிலிக்கோட தானா ஒட்டாது, அதுக்குத்தான் அந்தக் கம்பி. தனியா எடுத்து வெச்சிட்டார்.

டொக்டர் நேற்று வந்தார். தச்சர் நானா லாச்சி தர இன்னும் ரெண்டு கிழமை ஆகும், அதால விறாந்தையில பாய் விரிச்சு மாதிரிக் காட் பதினொண்டை மட்டும் தட்டில வெச்சிக் காட்டினன். அஞ்சு நிமிசத்தில எடுத்திட்டார். ஷோகேசுக்க இப்ப பிளாஸ்டர் மோடல். வெக்கைக்கு அது ஒண்டும் ஆகாது.

பழைய கம்பொசிட்டர் | வெள்ளி மாலை 6.10

சந்தோசம் மகள். என்ட கீழ்ச் செட் கொஞ்ச நாளா ஆடுது. அப்பாக்கிட்டக் கொண்டு வந்தா இறுக்கித் தருவாரா?

கல்லடி லேப் மகள் | வெள்ளி மாலை 6.25

முதல்ல பல் டொக்டரிட்டக் காட்டுங்க ஐயா. முரசு பாத்து அளவெடுக்கிறது அவர், செய்யிறது நாங்க. அவர் எங்களுக்கு அனுப்பினா பல்லு நானே எடுத்துத் தாறன், போத்தலுக்க இருந்து இல்ல.